ஐம்பத்தெட்டுப் பெயர்கள்

சங்கரன்கோவில்
ஜூலை 3

அத்தான்,

நான் போனை எடுப்பதில்லை என்று அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். எடுத்தால் உங்கள் குரல் கேட்கும். குரல் கேட்டால் எனக்கு அழுகை வரும். எனக்கு அழுகை வந்தால் உங்களுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். "சரி சரி, அழாத, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுவீர்கள். தாளில் எழுதினால் யாரும் நடுவில் வைத்துவிட முடியாது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

இந்த வருஷம் ஆடிக் காற்று ஆனியிலேயே வந்துவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கண் தானாகச் செருகிக்கொள்கிறது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை. ஜன்னல் திரை மூச்சு விடுகிற மாதிரி உப்பி உப்பி அடங்கும். குருவிகுளம் ரோட்டுக் காற்றாலைகள் சுற்றுகிற சத்தம் இவ்வளவு தூரம் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறது.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் புனேவுக்கு ரயிலேறிய மறுநாள், ஜூன் பதினெட்டு. காலை ஒன்பது மணி இருக்கும். அத்தை கஞ்சி கொடுத்துவிட்டுப் பூ மார்க்கெட் பக்கம் போயிருந்தார். நான் போனில் நம் குறிப்புச் செயலியைத் திறந்தேன். 'வீடு' என்று நீங்கள் போட்டுவைத்த பக்கத்தில் எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. கேஸ் சிலிண்டர் பதிவுக்கு ஒரு அட்டவணை, அத்தையின் மாத்திரைக்கு ஒன்று, மாடியில் அறை கட்டுவதற்கு ஒரு பலகை. 'வரப்போகிறவர்' என்ற பக்கத்தைத் தொட்டேன். அந்தப் பலகையில் செய்யணும், நடக்குது, முடிஞ்சது என்று மூன்று பத்தி பிரித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். தொட்டில் கம்பு, பழைய வேட்டி கிழித்துத் துவைக்க, வளையலுக்குச் சொல்ல, பெயர் முடிவு பண்ண. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. முதல் பத்தியில் பதினான்கு அட்டைகள் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசிப் பத்திக்குப் போயின. அந்தப் பக்கத்தில் நீங்கள் நகர்த்துகிறீர்கள், இந்தப் பக்கத்தில் நான் பார்க்கிறேன். தொட்டில் கம்பு, முடிஞ்சது. வளையல், முடிஞ்சது. பெயர், முடிஞ்சது.

பிறகு பக்கமே வெளுத்துப் போய், 'இந்தப் பக்கம் நீக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி மட்டும் நின்றது.

ஜூன் மூன்றாம் தேதி ஸ்கேன் அறையில், துடிப்பைக் காணோம் என்று டாக்டரம்மா சொன்னபோதுகூட எனக்கு இப்படி இல்லை. அப்போது நீங்கள் என் கையைப் பிடித்திருந்தீர்கள்.

அழித்த பக்கம் முப்பது நாள் குப்பைத் தொட்டியில் கிடக்குமாம், செயலியின் உதவிப் பக்கத்தில் படித்தேன். உண்டாக்கியவரால்தான் மீட்க முடியுமாம். நான் அதில் நீங்கள் அழைத்த விருந்தாளிதானே. ஜூலை பதினெட்டு வரைக்கும் நாள் இருக்கிறது. மீட்டுக் கொடுங்கள். ஏன் எதற்கு என்று கேட்காமல் மீட்டுக் கொடுங்கள்.

சிவப்ரியா


புனே
ஜூலை 8

பிரியாவுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோனேன். கிடங்கில் லாரி நிற்கிற இடத்தில், சத்தத்துக்கு நடுவில் நின்றே படித்தேன். நீ எழுதியதற்கு வரிசையாகப் பதில் சொல்லலாம் என்று ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். இரண்டுக்கு மேல் போகவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. உன் பெயரின் முதல் எழுத்து ஒரு சின்ன வட்டத்துக்குள் பக்கத்தின் ஓரத்தில் தெரியுமே, அது அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன். ஐந்து வருஷமாக இந்த ஊரில் எனக்குத் துணை அந்த வட்டம்தான். சாயங்காலம் அறைக்கு வந்து செயலியைத் திறப்பேன். நீ எதையாவது திருத்திக்கொண்டிருப்பாய். வட்டம் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகரும். நீ வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்தபடியே சோறு வடிப்பேன்.

ஏன் நகர்த்தினேன் என்று சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் போட்டிருந்தேன், உன் போனுக்கும் என் போனுக்கும். அன்று காலை ஒன்பதுக்கு என் போன் அடித்தது. 'முப்பத்துமூன்றாம் வாரம். பிள்ளை இனி வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடும்.' நானே எங்கோ படித்து எழுதி வைத்ததுதான். வண்டி ஏதோ பொட்டல்காட்டில் நின்றிருந்தது. எதிரில் இருந்தவர், "என்ன சார், ஆபீஸ் போனா?" என்றார். ஆமாம் என்றேன். இதே மணி உன் தலைமாட்டிலும் அடித்திருக்கும் என்று தோன்றியதும் செயலியைத் திறந்தேன். அட்டை கடைசிப் பத்திக்குப் போனால்தான் அதன் மணி நிற்கும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன். மணியை நிறுத்தத்தான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பதினான்கையும் தள்ளிய பிறகு, முடிஞ்சது முடிஞ்சது என்று அவை நிற்கிற நிற்பைப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. மொத்தமாக அழித்துவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். நினைத்தது தப்பாக இருக்கலாம்.

மீட்க மனம் வரவில்லை, பிரியா. மீட்டால் ஆகஸ்ட் ஒன்பது வரைக்கும் அந்த 'முடிஞ்சது'களையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆகஸ்ட் ஒன்பது என்ன நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகை நமக்கு வேண்டாம். அதன் கீழே நாம் சேர்த்துவைத்த பெயர்கள்தான் வேண்டும் என்றால் ஐம்பத்தெட்டையும் எழுதி அனுப்புகிறேன். எனக்கு மனப்பாடம்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா பேச்சைக் கேள்.

கோமதிநாதன்


சங்கரன்கோவில்
ஜூலை 12

அத்தான்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மணியை நிறுத்தத்தான் நகர்த்தினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் போனும் ஒருமுறை அடித்து நின்றது. என்னவென்று பார்க்கத்தான் செயலியைத் திறந்தேன் போலிருக்கிறது. அந்த மட்டில் உங்கள் மேல் இருந்த கோபம் தணிந்தது.

ஆனால் நீங்கள் அழித்தது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை. ஏன் என்று கேட்காமல் கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. இனி சொல்லத்தான் வேண்டும்.

பலகைக்குக் கீழே பெயர் அட்டவணை இருந்ததே, பெயர், ஆணா பெண்ணா, யார் சொன்னது, எந்த ஊரில், என்றைக்கு, கூப்பிட வாகாக இருக்கிறதா என்று. அதில் ஒரு பெயரைத் தொட்டால் உள்ளே ஒரு வெற்றுப் பக்கம் திறக்கும். உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. உங்களுக்கு வெளியே கட்டம் நேராக இருந்தால் போதும். நான் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து மே வரைக்கும், விவசாய ஆபீஸ் வேலையாக உளுந்து அறுவடைக் கணக்கெடுக்கவும் பருத்தி பார்க்கவும் குருவிகுளத்தைச் சுற்றி நான் அலைந்த நாளெல்லாம். மதியம் எங்கேயாவது ஒரு நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, அன்றைக்கு யாராவது சொன்ன பெயருக்குள் போய், உள்ளே இருப்பவளுக்கு எழுதுவேன். அப்போது அவளா அவனா தெரியாது. "நீ" என்றுதான் எழுதினேன். இருபத்தேழு பெயர்களுக்குள் எழுதியிருக்கிறேன். வேறு எங்கேயும் அதன் நகல் இல்லை.

என்ன எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்த மாத்திரைகளோ, இந்தக் காற்றோ, எல்லாம் கலங்கலாக இருக்கிறது. நேற்று மதியம் ஒரு கனவு. பெரிய கரிசல்காடு. வரப்பு போட்டு மூன்றாகப் பிரித்திருக்கிறது. முதல் பாத்தியில் துணிகள் காய்கின்றன. நான் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த பாத்திக்குக் கொண்டு போகிறேன். துணி கனமே இல்லை. மூன்றாவது பாத்தியில் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கூப்பிடுகிறேன், காற்றில் போகவில்லை. விழித்தபோது திரை உப்பிக்கொண்டிருந்தது.

ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற மகபூப் பீவி அக்கா நேற்று வந்திருந்தார். கெடு நாளைச் சொன்னேன். "ஏட்டி, கடுதாசி போய்ச் சேர நாளாகும். ஒரு வார்த்தை போன்ல சொல்லித் தொலையேன்" என்று திட்டினார். அவர் முன்னாலேயே உங்களைக் கூப்பிட்டேன். "ஹலோ, பிரியாவா?" என்றீர்கள். உடனே வைத்துவிட்டேன். செய்தியாக அனுப்பலாம் என்று 'மீட்டுக் கொடுங்கள்' என்று தட்டிப் பார்த்தேன். அது கட்டளை மாதிரி இருந்தது. கட்டளைக்காக நீங்கள் செய்வது எனக்கு வேண்டாம். என்ன இருந்தது என்று தெரிந்து நீங்களாகச் செய்ய வேண்டும்.

ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். பதினெட்டுக்கு முன்னால் வந்துவிடும்.

சிவப்ரியா


புனே
ஜூலை 17

பிரியா,

உன் கடிதம் பதினைந்தாம் தேதி சாயங்காலமே வந்துவிட்டது. பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான்.

அது குப்பைத் தொட்டியில் இல்லை.

எட்டாம் தேதி உனக்குக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, தொட்டியைத் திறந்தேன். 'வரப்போகிறவர்' என்று தலைப்பு இருந்தது. பக்கத்தில் இரண்டே பொத்தான். ஒன்று மீட்க, ஒன்று நிரந்தரமாக நீக்க. இதை இப்படியே விட்டால் நாளைக்கு நானே மீட்டுவிடுவேன், அப்புறம் தினம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பயம் வந்துவிட்டது. இரண்டாவது பொத்தானை அழுத்தினேன். 'இதைத் திரும்பப் பெற முடியாது, சரியா?' என்று கேட்டது. சரி என்றேன்.

உள்ளே நீ எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. ஒரு பெயரையாவது தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐந்து மாதம் நீ அங்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். எப்போதாவது மதியத்தில் திறந்து பார்த்தால் உன் வட்டம் ஒரே வரியில் வெகுநேரம் நிற்கும். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

செயலிக்காரர்களுக்கு மூன்று தடவை எழுதினேன். நிரந்தரமாக நீக்கியதை அவர்களாலும் எடுக்க முடியாதாம். மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. மே கடைசியில் அம்மா, "பேரெல்லாம் போன்லயே வச்சிருக்கியளே, எனக்கு ஒரு தாள்ல போட்டுக் குடு, நானும் பாக்குதேன்" என்று கேட்டார்கள் இல்லையா? அப்போது அட்டவணையை இறக்கி என் மின்னஞ்சலில் வைத்திருந்தேன், ஊருக்கு வரும்போது அச்சடித்துக் கொடுக்கலாம் என்று. அப்படி இறக்கினால் வெளிக் கட்டங்கள் மட்டும்தான் வரும். உள்ளே இருப்பது வராது. அதை நான்கு தாளில் அச்சடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டம் செயலி தானாகப் போடுவது. அந்த வரியில் கடைசியாக எழுதிய நாளும் நேரமும். நீ சொன்ன இருபத்தேழும் எவை என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது. எல்லாம் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள். அந்த வரிகளைப் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

வேறு எதுவும் என் கையில் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் எழுதியதோடு சரியாகிவிடும் என்று நினைப்பதாகிவிடும். அதனால் எழுதவில்லை.

நாதன்


சங்கரன்கோவில்
ஜூலை 22

உங்கள் கடிதமும் நான்கு தாள்களும் வந்தன.

நான் கேட்டது உள்ளே இருந்ததை. நீங்கள் அனுப்பியிருப்பது வெறும் கட்டங்கள்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம். அத்தையிடம் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். அவருக்கு மாத்திரை தீரப்போகிறது.

சி.


சங்கரன்கோவில்
ஜூலை 31

அத்தான்,

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நானே எழுதுகிறேன்.

அந்தத் தாள்களைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கிழிக்கும் முன் கண்ணில் பட்டது ஒரு வரி. 'மழைச்செல்வி. பெண். சொன்னது சண்முகையா. இளையரசனேந்தல். மார்ச் 19. வாகாக இருக்கிறது. மதியம் 1.20.' அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஒன்று இருபதுக்கு நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று ஞாபகம் வரவில்லை. சரியாகச் சொன்னால், ஒரு வேப்ப மரம் ஞாபகம் வந்தது. அந்த மரத்தடியில் என்ன எழுதினேன் என்பது வரவில்லை.

மறுநாள் காலையில் குளித்துச் சேலை மாற்றினேன். "எங்கம்மா?" என்றார் அத்தை. இளையரசனேந்தல் வரைக்கும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு முந்தி வந்திரு" என்று மட்டும் சொன்னார். ஐம்பது நாள் கழித்து வாசல்படியைத் தாண்டினேன். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது என்று ரதவீதியெல்லாம் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை வேறு வழியாகச் சுற்றி விட்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ஊர் தாண்டியதும் கரிசல் விரிந்தது. உழுது போட்ட வெறும் காடு, மழைக்குக் காத்துக் கிடக்கிறது. காற்றாலை இறக்கைகளின் நிழல் காட்டின் மேல் வந்து வந்து போயிற்று. நான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று இருந்தது.

சண்முகையா அண்ணாச்சி காட்டில்தான் இருந்தார், முள் வெட்டிக்கொண்டு. என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "மேடம், அங்கன நெழல்ல உக்காருங்க" என்று வேப்ப மரத்தைக் காட்டிவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தார். நான் தாளை எடுத்துக் காட்டி, "மார்ச்சுல நான் இங்க வந்தப்ப என்ன நடந்துது, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?" என்றேன்.

"இல்லாம என்ன? இதே எடத்துலதான் உக்காந்து போன்ல எழுதிக்கிட்டிருந்திய. என்னம்மா எழுதுதியன்னு கேட்டேன். உள்ள இருக்க ஆளுக்கு உங்க காட்டைப் பத்திச் சொல்லுதேன்னிய. பருத்தி வெடிக்கச் சத்தம் கேக்குமா அண்ணாச்சின்னும் கேட்டிய. காதைக் குடுத்தாக் கேக்கும்னேன். சாப்பாட்டை வச்சிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தியளே, அவ்வளவு நேரம்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வந்துவிட்டது, அத்தான். முழுதாக வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

'இன்றைக்கு உனக்கு மழைச்செல்வி என்று பெயர். சண்முகையா அண்ணாச்சி வைத்தது. அவருக்கு மழை பெய்தால்தான் சோறு, அதனால் அவர் வாயில் அதுதான் வரும். பருத்திக் காய் வெயிலில் வெடிக்கிற சத்தத்தை உனக்குக் கேட்க வைக்கலாம் என்று பார்க்கிறேன். மெல்லிய சத்தம். யாரோ நாக்கைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. நீயும் உள்ளே இருந்து ஒரு தட்டு தட்டினாய். கேட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.'

மரத்தடியிலேயே அழுதேன். அண்ணாச்சி எழுந்து போய்க் கொஞ்ச தூரத்தில் முள் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அழுது முடிக்கும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "பொம்பளப் பிள்ளையாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் போகிறேன். தாளைப் பார்ப்பது, யார் சொன்னது, எந்த ஊர் என்று பார்த்து அங்கே போவது. மகபூப் பீவி அக்காவிடம் கேட்டேன். "நூருன்னு வை, வெளிச்சம்னு அர்த்தம். உங்க ஆள்களுக்கு ஒத்து வரலேன்னா ஒளின்னு கூப்பிட்டுக்கோன்னேன். நீ உடனே அதையும் போன்ல ஏத்திட்டு, 'உனக்கு ரெண்டு பேரு, ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு அக்காவுக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுனியேட்டி" என்றார். அதுவும் கிடைத்தது. குருவிகுளம் யூனியன் ஆபீஸ் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற செல்லச்சாமி அண்ணன் சொன்னதில் ஒன்று பாதி கிடைத்தது. சில ஊர்களில் ஆள் இல்லை. சில இடங்களில் ஆள் இருந்தும் ஒன்றும் வரவில்லை. நிழலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இருபத்தேழில் பதினொன்று வந்திருக்கிறது. நீள நோட்டில் எழுதி, உங்களுக்கும் பிரதி எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். மீதிப் பதினாறும் வராது. வராவிட்டால் போகட்டும் என்று சொல்ல முடிகிறது இப்போது.

போன கடிதத்தில் வெறும் கட்டங்கள் என்று எழுதினேன். அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. எந்த ஊர், என்றைக்கு என்று கேட்டு நீங்கள் என்னை நச்சரிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். நீங்கள் செய்ததற்கு இன்னும் கோபம் போகவில்லை. அதையும் இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இனி ஒன்று. இதைக் கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன் என்று நினைக்கிறேன். நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்து நீங்கள் வந்து நின்றீர்கள், சட்டையெல்லாம் மண்ணாக. நீங்கள்தான் அவளைக் கையில் வாங்கினீர்கள். நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. சொல்ல முடியாதென்றால் வேண்டாம். முடியும் என்றால், அவள் எப்படி இருந்தாள்?

பிரியா


புனே
ஆகஸ்ட் 5

பிரியா,

பதினொன்றையும் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டு படிக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

இங்கே நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஏசுவடியான் அண்ணாச்சி என்று ஒருவர் லோடு இறக்கும் பிரிவில் இருக்கிறார், நம் வீரசிகாமணிக்காரர். தினமும் என்னோடுதான் சாப்பிடுவார். நான் ஜூனில் ஊருக்குப் போனதை அவரிடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அதன் பிறகு அவர், "வீட்டுல எப்படி இருக்காக வே?" என்று கேட்கும்போதெல்லாம், நல்லா இருக்கா, இன்னும் நாள் இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு மாதம். அவர் கேட்கும் அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருப்பது போல இருக்கும். அதற்காகவே சொன்னேனோ என்னவோ.

இன்று மதியம் அவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் மனைவி தைத்த இரண்டு சின்னச் சட்டைகள். முடிச்சுப் போடுகிற மாதிரி, வெள்ளைத் துணியில். "இன்னும் நாலு நாளுதான இருக்கு? நீரு இங்கன உக்காந்து என்ன பண்ணுதீரு? கெளம்பும் வே, லீவு நான் வாங்கித் தாரேன்" என்றார்.

நான் சட்டையைக் கையில் எடுத்தேன். "அண்ணாச்சி, பிறந்துட்டா. ஜூன்லயே. எனக்கு ஒரு மக. உயிரோட பிறக்கலை" என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "ரெண்டு மாசமா இதையா வயித்துல வச்சிக்கிட்டு என்கூட சோறு தின்னீரு?" என்றார். கேட்டுவிட்டு அவர் அழுதார். நான் அதற்குப் பிறகு அழுதேன். கிடங்கில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். என் மகள் என்று ஒரு ஆளிடம் வாயைத் திறந்து நான் சொன்னது இன்றைக்குத்தான். சட்டைகளை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, நானும் கொடுக்கவில்லை.

பதினைந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை ரயில். எட்டாம் தேதி வீட்டில் இருப்பேன். ஒன்பதாம் தேதி உன்னைத் தனியாக இருக்க விடமாட்டேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும் என்று தெரியும். நீ கேட்டதை என்னால் வாயால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். முடியாவிட்டால் கடிதம் வரும் வரைக்கும் பக்கத்தில் இருந்து காத்திருப்போம்.

நர்ஸம்மா துணியில் சுற்றித்தான் கொடுத்தார். "முகம் பாக்குதியளா, வேண்டாமா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். கனமே இல்லை. நம் சமையலறையில் இருக்கிற அந்தச் சின்னப் பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்தால் இருக்கிற கனம், அவ்வளவுதான். நிறம் உன் நிறம். நெற்றி மட்டும் என்னுடையது, அகலம். இமை மூடியிருந்தது, தூங்குகிறவள் போலவே. புருவம் லேசாக, இப்போதுதான் யாரோ வரைய ஆரம்பித்த மாதிரி. கீழுதடு உன்னுடையதுபோல நடுவில் கொஞ்சம் அழுந்தியிருந்தது. கையைப் பிரித்துப் பார்த்தேன். விரல் ஐந்தும் நீளம். நகம் இருந்தது. என் விரலை அதற்குள் வைத்து மூடிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். உன் அப்பா தோளைத் தொட்டு, நேரமாச்சு என்றார்.

தலை நிறைய முடி, பிரியா. ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் சட்டைப்பையில் இருந்த சீப்பால் மெதுவாகச் சீவிவிட்டேன். பெண் பிள்ளைக்குத் தலை சீவி எனக்குப் பழக்கமில்லை. நான் தினம் பார்த்த வகிடு உன்னுடையது ஒன்றுதான். அதனால் உன்னைப் போலவே இடது பக்கம் எடுத்தேன்.

நாதன்